சுழன்றேறும் கோபுரம்

வரலாற்றுச் சின்னங்களைக் காணச் செல்வோரில் பெரும்பாலோர் கீழே நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். ஆனால், ஏறிப் பார்ப்பதற்காகவே எழுப்பப்பட்ட கட்டடங்களும் உலகில் சில உண்டு. டென்மார்க்கின் தலைநகரில் உள்ள ஒரு தேவாலயக் கோபுரம் அத்தகையது. அதனைப் பற்றி வழங்கும் கதையையும் அதன் மெய்யான வரலாற்றையும் முன்வைத்து, பழைய கோபுரங்களின் கதவுகள் திறந்திருக்க வேண்டுமா, பூட்டியிருக்க வேண்டுமா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

குதித்தவர் யார்?

கோபன்ஹேகன் நகரில் 'வோர் ஃப்ரெல்சர்ஸ் கிர்க்க' என்றொரு தேவாலயம் உள்ளது. 'நம் மீட்பரின் ஆலயம்' என்பது அப்பெயரின் பொருள். அதன் செங்கற்கோபுரத்தின் மேல் கருமையும் பொன்னும் கலந்த கூம்புமுடி ஒன்று, சங்கின் புரிபோலச் சுழன்று சுழன்று உயர்ந்து செல்கிறது. தரையிலிருந்து அதன் உச்சி ஏறத்தாழ 90 மீட்டர். பிற தேவாலயக் கோபுரங்களில் படிக்கட்டு சுவருக்குள் மறைந்திருக்கும். இங்கோ கூம்பின் வெளிப்புறத்தில், வானும் காற்றும் சூழ, அதன் உடலைச் சுற்றி நான்கு முறை வளைந்து ஏறுகிறது. பொன் பூசிய கைப்பிடிக் கம்பிகள் அதனுடன் சேர்ந்து வளைகின்றன. தொலைவில் நின்று பார்ப்போர்க்கு அது யாரோ கோபுரத்தில் சுற்றிவிட்ட பொன்மாலைபோலத் தோன்றும்.

இக்கூம்பை வடிவமைத்தவர் லௌரிட்ஸ் டி துரா. அவரைப் பற்றி ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. வேலை முடிந்தபின் அண்ணாந்து பார்த்தபோதுதான் படிகள் தாம் கருதிய திசைக்கு மாறாகச் சுழல்வதை அவர் உணர்ந்தாராம். அவமானம் தாங்காமல் உச்சிக்கு ஏறி அங்கிருந்து குதித்து உயிர்விட்டாராம். பயணிகளுக்கு இக்கதை மிகவும் பிடித்திருக்கிறது. கேட்டவர் அதனை மறப்பதில்லை. ஊர் திரும்பியதும் பிறருக்கும் சொல்கிறார்.

கதை முழுவதும் பொய். கூம்பு நிறைவுற்ற ஆண்டு 1752. துரா இறந்த ஆண்டு 1759. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளிலும் அவர் அரசின் கட்டடக் கலைஞராகப் பணி செய்துகொண்டிருந்தார். நிகோலாய் ஐக்ட்வெத் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் 1754ஆம் ஆண்டு மறைந்தபோது, அவர் தொடங்கிய பெரிய மருத்துவமனைக் கட்டடத்தை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு துராவிடமே வந்தது. பிழை செய்து பெயர் கெட்டவரிடம் எந்த அரசும் அப்பொறுப்பை ஒப்படைத்திருக்காது. படிகள் சுழலும் திசையிலும் பிழை எதுவும் இல்லை. மன்னர் ஐந்தாம் ஃப்ரெடெரிக் 1749இல் ஒப்புதல் அளித்த திட்டம் அது. மூன்றே ஆண்டுகளில் வேலை முடிந்தது. 1752 ஆகஸ்டு 28 அன்று மன்னரே படியேறி உச்சிக்குச் சென்றார். அன்று துரா வெட்கித் தலைகுனிந்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

ஒரு சுவையான கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்கலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தாஜ்மகாலைக் கட்டிய கைவினைஞர்களின் கைகள் வெட்டப்பட்டன என்று நம் நாட்டில் ஒரு கதை உலவுகிறது. அதற்கும் சான்று எதுவும் இல்லை. உலகின் பல பகுதிகளில் பெரிய கட்டடங்களைச் சுற்றி இத்தகைய கதைகள் முளைக்கின்றன. கட்டியவர் தண்டிக்கப்படுகிறார், அல்லது தம்மைத் தாமே தண்டித்துக்கொள்கிறார். இரண்டிலும் ஒன்று மறைந்துபோகிறது: அவர் செய்த வேலை. படியை வெளியே வைப்பது என்று துரா ஏன் முடிவு செய்தார், மரச்சட்டங்களை எவ்வாறு இணைத்தனர், அவ்வுயரத்தில் செப்புத் தகட்டை எவ்வாறு போர்த்தினர் என்று கேட்க வேண்டிய இடத்தில், "எங்கிருந்து குதித்தார்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிழை செய்தவனுக்கு இறப்பே முடிவு என்னும் எண்ணத்தை ஓர் அழகிய கோபுரத்தின்மேல் ஏற்றி வைப்பதும் நல்லதன்று. துராவின் வாழ்க்கை அவ்வாறு முடியவில்லை என்பதையாவது கோபுரத்தைக் காண்போர் அறிந்திருக்க வேண்டும்.

அரை நூற்றாண்டு காத்திருந்த கோபுரம்

கூம்புக்குக் கீழேயுள்ள தேவாலயம் அதைவிட மூத்தது. 1682ஆம் ஆண்டு, மன்னர் ஐந்தாம் கிறிஸ்டியன் காலத்தில் அதன் கட்டுமானம் தொடங்கியது. வடிவமைத்தவர் லாம்பர்ட் வான் ஹாவன். நான்கு கைகளும் ஒரே நீளமுடைய சிலுவையின் வடிவில் தரையமைப்பு, சிவந்த செங்கற் சுவர்கள், உயர்ந்த சாளரங்கள். கட்டடம் நிற்கும் இடம் இயற்கையான நிலமன்று. ஆழமற்ற கடற்பகுதியை மண்ணிட்டு நிரப்பி உருவாக்கிய 'கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன்' என்னும் துறைமுகக் குடியிருப்பின் ஒரு பகுதி அது. அத்தகைய மண்ணில் கனத்த செங்கற்கட்டடத்தை எழுப்புவதற்கு அடித்தளமே பெரிய சோதனை. 1690களின் நடுவில் தேவாலயம் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஆனால், கோபுரத்தின் முடி மட்டும் எழவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது முடியில்லாமலே நின்றது. துரா செய்தது, வேறொருவர் தொடங்கிய கட்டடத்தை அதன் இயல்பு கெடாமல் முடித்து வைக்கும் வேலை. புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட அது கடினமானது என்பது என் எண்ணம்.

இத்தேவாலயம் பரோக் பாணியைச் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியில் தழைத்து ஐரோப்பா முழுதும் பரவிய கலைப்பாணி அது. ஒழுங்கற்ற வடிவுடைய முத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். அதற்கு முந்தைய மறுமலர்ச்சிக் காலக் கட்டடங்கள் அளவும் அமைதியும் உடையவை. நின்று நிதானமாகப் பார்க்கச் சொல்பவை. பரோக் கட்டடங்கள் பார்ப்பவரை நிற்கவிடுவதில்லை. நேர்கோடு வளைகிறது, சுவர் அலைபோல உள்வாங்கி வெளிவருகிறது, ஒளி எதிர்பாராத இடத்திலிருந்து விழுகிறது. கல்லும் மரமும் அசைவன போன்ற மயக்கத்தை உண்டாக்குவதே அப்பாணியின் வேட்கை.

ரோம் நகரில் பொர்ரோமினி என்னும் கலைஞர் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய சாந்த் இவோ தேவாலயத்தின் உச்சியில் ஒரு சுருள்முடி உண்டு. துராவின் கூம்புக்கு அதுவே தூண்டுதல் என்பர். இரண்டின் படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ரோமில் அந்தச் சுருள் கண்ணுக்கு மட்டுமே உரிய அழகு. கீழே நிற்பவர் பார்வையால் மட்டும் அதில் ஏறலாம். துராவோ அச்சுருளைப் பெரிதாக்கி, அதில் படிகளை அமைத்து, கைப்பிடியும் பொருத்திவிட்டார். அசைவு என்பது கல்லில் தோன்றும் மயக்கமாக இருந்தது போய், ஏறிச் செல்லும் மனிதரின் கால்களுக்கு வந்துவிட்டது. பரோக் கலைஞர் பலர் விரும்பிய ஒன்றை, வடக்கே குளிர்காற்று வீசும் ஒரு துறைமுகத்தில் அவர் நடைமுறையாக்கினார் என்றே நான் கருதுகிறேன்.

யானைகளும் தரங்கம்பாடியும்

ஏறுவதற்கு முன் உள்ளே சிறிது நேரம் நிற்க வேண்டும். மேற்குச் சுவரில் ஆர்கன் என்னும் பெருங்குழலிசைக் கருவி இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அமைக்கப்பட்டது அது. மரச்செதுக்கு வேலைப்பாடுகள் நிறைந்த அதன் முகப்பு மேற்கூரையை நோக்கி உயர்கிறது. அத்தனை பெரிய கருவியை இரண்டு யானைகள் தாங்கி நிற்பதுபோல வடித்திருக்கிறார்கள்.

பனிநாட்டில் யானைக்கு என்ன வேலை? தமிழ் மாணவர் மனத்தில் உடனே தரங்கம்பாடி நினைவுக்கு வரும். சோழமண்டலக் கரையில் டேனியர் கோட்டை கட்டி வாழ்ந்த ஊரல்லவா அது! அங்கிருந்து போன யானைதான் தேவாலயத்துக்குள் புகுந்துவிட்டது என்று எழுதிவிட ஆசையாக இருக்கும். துராவின் கதையை மறுத்துவிட்டு நாமே இன்னொரு கதை கட்டலாகாது. யானை, டேனிய அரசமரபின் மிக உயர்ந்த விருதின் சின்னம். 'யானை விருது' என்பதே அதன் பெயர். அதன் வேர் பதினைந்தாம் நூற்றாண்டு வரை செல்கிறது. டேனியக் கப்பல் தமிழகக் கரையைக் காண்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு. அவ்விருதுக்கு 1693இல் முறையான விதிகளை வகுத்தவர், இத்தேவாலயத்தைக் கட்டத் தொடங்கிய அதே ஐந்தாம் கிறிஸ்டியன். ஆர்கனைத் தாங்கும் யானைகள் அரசரின் பெருமையைச் சுமக்கின்றனவே தவிர நம் ஊரின் நினைவை அல்ல.

மெய்யான உறவு யானைகளில் இல்லை. தேவாலயம் நிற்கும் மண்ணில் இருக்கிறது. கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன் குடியிருப்பை உருவாக்கியவர் மன்னர் நான்காம் கிறிஸ்டியன். அவர் காலத்தில்தான் டேனியக் கிழக்கிந்தியக் குழுமம் 1616இல் தொடங்கப்பட்டது. அவர் அனுப்பிய கப்பற்படையின் தலைவர் ஓவ கெட், 1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் டேனியர் தங்க வழிசெய்தார். அவ்வுறவின் சான்றாகத் தமிழில் பொறிக்கப்பட்ட தங்க ஓலை ஒன்று இன்றும் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. ஆக, கடலை நிரப்பி இந்தத் துறைமுகத்தை அமைத்ததும், கடல் கடந்து தரங்கம்பாடியைத் தேடி வந்ததும் ஒரே மன்னரின் வணிக வேட்கை. பின்னர் 1732இல் அமைந்த ஆசியக் குழுமத்தின் தலைமையகம் இத்தேவாலயத்திற்குச் சில தெருக்கள் தள்ளி, கரையோரத்தில் எழுந்தது. அக்கட்டடம் இன்னும் நிற்கிறது. கூம்பு எழுந்த 1752ஆம் ஆண்டில் தரங்கம்பாடி டேனியரிடமே இருந்தது. 1845இல்தான் அதை ஆங்கிலேயருக்கு விற்றனர்.

> தெரிந்து தெளிவோம்
>
> டேனிய மன்னர் நான்காம் ஃப்ரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் தமிழ் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, அங்கே நிறுவப்பட்ட அச்சகத்தில் அச்சேறி 1715இல் நிறைவுற்றது. லௌரிட்ஸ் டி துரா பிறந்ததும் அதே 1706ஆம் ஆண்டில்தான்.

படிகள் கற்பிப்பவை

மொத்தம் 400 படிகள். அவற்றுள் 250 படிகள் கோபுரத்தின் உள்ளே. மங்கிய ஒளி, பழைய மரத்தின் மணம், தலை இடிக்கும் உத்தரங்கள், குறுகிய திருப்பங்கள். எதிரே ஒருவர் இறங்கி வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டும். வழியில் மணிகள் தொங்கும் மாடத்தைக் கடந்து செல்கிறோம். இசை எழுப்பும் வகையில் சுரவரிசைப்படி அமைந்த 48 மணிகள் அங்கு உண்டு. கீழே தெருவில் கேட்கும்போது மணியோசை எங்கிருந்தோ வருவதாகத் தோன்றும். இங்கே அதற்கு எடை இருக்கிறது, வெண்கலம் இருக்கிறது, அதைத் தாங்கும் விட்டம் இருக்கிறது. ஒரு கட்டடத்தின் குடலுக்குள் நுழைந்து செல்வது போன்ற அனுபவம் அது. முகப்பை மட்டும் படமெடுத்துச் செல்வோர் இதை அறிய மாட்டார்.

பின்னர் ஒரு கதவு. அதைத் தாண்டியதும் வெளி. எஞ்சிய 150 படிகளும் காற்றில்தான். ஒருபுறம் செப்புத்தகடு போர்த்திய கூம்பின் உடல், மறுபுறம் கைப்பிடிக் கம்பி, அதற்கப்பால் ஒன்றுமில்லை. மேலே செல்லச்செல்லக் கூம்பு மெலிகிறது. படியின் அகலமும் அதற்கேற்பக் குறைகிறது. தொடக்கத்தில் இருவர் ஒதுங்கி வழிவிட்டுக்கொள்ளலாம். பிறகு ஒருவர்க்கே இடம். கடைசியில் தோளைத் திருப்பி நிற்க வேண்டியிருக்கும். அதற்கும் மேலே படி குறுகிக் குறுகி, கால் வைக்க இயலாத ஒரு விளிம்பாகி மறைந்துபோகிறது. 'உச்சியை அடைந்துவிட்டேன்' என்று சொல்லிக்கொள்வதற்கு அங்கே மேடை எதுவும் இல்லை. மேலே பொன் உருண்டையும் அதன்மேல் கொடி ஏந்திய இயேசுவின் உருவமும் நிற்கின்றன. அவ்வுருவம் அழகாக இல்லை என்று கேலி செய்வாரும் உண்டு. 90 மீட்டர் கீழே நிற்பவருக்காகச் செய்த உருவத்தை அருகில் வைத்து அளப்பது முறையன்று.

இப்படிகளை உலகெங்கும் அறியச் செய்தவர் ஒரு பிரெஞ்சு எழுத்தாளர். ஜூல்ஸ் வெர்ன் 1864இல் வெளியிட்ட 'பூமியின் மையத்தை நோக்கி ஒரு பயணம்' என்னும் புதினத்தில், பேராசிரியர் லிடன்ப்ராக்கும் அவருடைய மருமகன் ஆக்சலும் ஐஸ்லாந்துக்குச் செல்லும் வழியில் கோபன்ஹேகனில் தங்குகிறார்கள். எரிமலையின் வாய்க்குள் இறங்கப் போகிற இளைஞனுக்கு உயரத்தைக் கண்டால் தலைசுற்றல். மாமா அவனை இக்கோபுரத்துக்கு இழுத்து வருகிறார். உள்ளே இருந்தவரை துணிவோடு ஏறிய ஆக்சல், வெளிப்படிக்கு வந்ததும் நடுங்குகிறான், முழந்தாளிட்டுத் தவழ்கிறான், கண்களை மூடிக்கொள்கிறான். பேராசிரியர் விடுவதில்லை. எழுந்து நின்று கீழே பார்க்கச் சொல்கிறார். அன்றோடு முடியவில்லை, அடுத்தடுத்து ஐந்து நாள்கள் அதே பயிற்சி. இறுதியில் அவன் ஓரளவு தேறிவிடுகிறான்.

பேராசிரியரின் முறை கடுமையானது. இன்றைய ஆசிரியர் எவரும் அவ்வாறு செய்யத் துணியமாட்டார், துணியவும் கூடாது. ஆனாலும், வெர்ன் ஒன்றைச் சரியாகக் கண்டிருக்கிறார். ஆழத்தில் இறங்குவதற்கான பாடம் உயரத்தில் இருக்கிறது என்பதையும், அதைச் சொல்லிக் கொடுக்க இயலாது, ஏறித்தான் அறிய வேண்டும் என்பதையும் அவர் ஒரு நகைச்சுவைக் காட்சியாகவே எழுதிவிட்டார். உயரம் என்னும் சொல்லை நாம் எண்ணால் அறிகிறோம். 90 மீட்டர் என்று எழுதுகிறோம். முழங்கால் நோவும் மூச்சு வாங்கலும் காதோரம் இரையும் காற்றும் சேரும்போதுதான் அவ்வெண்ணுக்குப் பொருள் பிறக்கிறது. இவ்வுயரத்துக்கு மரத்தையும் செம்பையும் கயிற்றால் ஏற்றிச் சாரத்தில் நின்று வேலை செய்த தச்சரையும் கொல்லரையும் அப்போது நினைக்காதவர் இருக்க முடியாது. அவர்களுக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி இருந்திருக்காது. அதைப் பொருத்தியவர்களே அவர்கள்தாம்.

வெளிக்கதவு வரை வந்து, போதும் என்று திரும்பிவிடுவோரும் உண்டு. அவர்களை எள்ளுவதில் பொருளில்லை. முழங்கால் வலியுடையோர், தலைசுற்றல் உடையோர், சக்கர நாற்காலியில் வருவோர் ஆகியோருக்குக் கீழேயுள்ள ஆலயமும் யானைகளும் குறைவான காட்சி அல்ல. ஏறாதவர் எதையும் காணாதவர் என்று சொல்வது ஏறியவரின் செருக்கு.

எரிந்த நாகங்கள்

மேலிருந்து பார்த்தால் நகரம் ஒரு வரைபடம்போல விரிகிறது. கால்வாய்கள், படகுகள், செந்நிற ஓட்டுக் கூரைகள், ஆசியக் குழுமத்தின் பழைய கட்டடம், அப்பால் கடல். நீரின் மறுகரையில் நான்காம் கிறிஸ்டியன் கட்டிய பழைய வணிகச் சந்தை மாளிகை 'பொர்சன்' இருந்தது. நான்கு பறவைநாகங்களின் வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வானை நோக்கி எழுவதுபோல அமைந்தது அதன் கூம்பு. துராவின் கூம்பைவிட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. ஒரே நகரில் இரண்டு முறுக்குக் கூம்புகள் எதிரெதிரே நின்றன.

2024 ஏப்ரல் 16 அன்று காலையில் பொர்சன் தீப்பற்றியது. அப்போது அங்கே புதுப்பிக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோதே நாகக்கூம்பு எரிந்து சரிந்தது. உள்ளேயிருந்த பழைய ஓவியங்களை வழிப்போக்கரும் சேர்ந்து தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தனர். கட்டடத்தை மீண்டும் எழுப்பும் பணி தொடங்கியிருக்கிறது. பழைய வரைபடங்களைக் கொண்டு அதே வடிவில் கூம்பையும் செய்துவிடலாம். நெடுங்காலம் மழையும் பனியும் பட்ட அந்த மரத்தைச் செய்ய முடியாது.

அந்நகருக்கு இது புதிதன்று. 1807இல் ஆங்கிலேயக் கப்பற்படை கோபன்ஹேகன்மீது குண்டுமழை பொழிந்தபோது, 'நம் அன்னையின் ஆலயம்' எனப்படும் முதன்மைத் தேவாலயத்தின் கூம்பு எரிந்து விழுந்தது. துராவின் கூம்பு அன்றும் தப்பியது; 2024இலும் நீருக்கு இப்பால் இருந்ததால் தப்பியது. அதுவும் மரத்தாலானதே. மேலே போர்த்திய செம்பு மழையைத் தடுக்கும், நெருப்பைத் தடுக்காது.

பூட்டலாமா, திறக்கலாமா?

அப்படியானால் அத்தகைய மரக்கட்டடத்தின்மேல் நாள்தோறும் மக்களை ஏற்றுவது அறிவுடைமையா? இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. காலடி ஒவ்வொன்றும் படியைத் தேய்க்கிறது. கை ஒவ்வொன்றும் பொன்பூச்சைத் துடைக்கிறது. பெயரைக் கீறி வைக்கும் கையும் கூட்டத்தில் ஒன்றிருக்கும். இவற்றைவிடப் பெரிய அச்சம் உயிர் பற்றியது. நம் நாட்டில் அதற்குக் கொடிய சான்று இருக்கிறது. தில்லியின் குதுப்மினாருக்குள் 379 படிகள் உண்டு; முன்பு பொதுமக்கள் ஏறிச் சென்றனர். 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே விளக்குகள் அணைந்தன. இருட்டில், குறுகிய சுழற்படியில் நெரிசல் ஏற்பட்டு 45 பேர் இறந்தனர். அவர்களில் பலர் சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தைகள். அதன்பின் அக்கதவு பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. அதைத் திறக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

ஆயினும், அந்த விபத்திலிருந்து 'ஏறவே கூடாது' என்னும் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது போதுமானதா என்று கேட்கத் தோன்றுகிறது. 45 உயிர்களைப் பறித்தவை உயரமும் பழமையும் அல்ல; அணைந்த விளக்கும், எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ணாத கூட்டமும்தான். எண்ணி அனுப்புவது, ஒளி தவறாமல் காப்பது, வானிலை பார்த்துக் கதவடைப்பது, தேய்ந்த படியை உடனே மாற்றுவது ஆகியவை கடினமான வேலைகள். நாள்தோறும் ஒருவர் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டியவை. பூட்டு மலிவானது. ஒருமுறை போட்டுவிட்டால் பிறகு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. பல இடங்களில் பாதுகாப்பு என்னும் பெயரில் நடப்பது இந்தச் சோம்பலே என்பது என் குற்றச்சாட்டு.

பூட்டிய கோபுரம் பாதுகாப்பாக இருக்கும் என்பதும் முழு உண்மையன்று. ஆள் நடமாட்டம் இல்லாத மாடத்தில் கூரை ஒழுகினால் கண்டறிய நாளாகும். உத்தரம் உளுத்தால் அது முறியும்வரை தெரியாது. மக்கள் ஏறி வரும் கோபுரத்தில் ஒரு கைப்பிடி ஆடினாலும் அன்று மாலைக்குள் யாராவது சொல்லிவிடுவர். இதனால் எல்லாக் கோபுரங்களையும் திறந்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஏறுவதற்கென்று கட்டப்படாதவை உண்டு. காவலர் மட்டும் சென்றுவர அமைத்த படிகள் உண்டு. வழிபாட்டு மரபு ஏறுவதை விலக்கும் இடங்களும் உண்டு. அங்கெல்லாம் கீழே நின்று பார்ப்பதே முறை. துராவின் கூம்பு அவ்வகையைச் சேர்ந்ததன்று. படியை வெளியே வைத்ததன் மூலம் அதை யார்க்கு உரியதாகக் கருதினார் என்பதை அவர் தெளிவாகவே சொல்லிவிட்டார். அதில் யாரும் ஏறாவிட்டால், வாசிக்கப்படாத ஆர்கனைப்போல அது பாதிக் கட்டடமாகவே நிற்கும்.

கோபன்ஹேகனில் இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். கட்டணம் பெற்றுக்கொண்டு ஏற விடுகிறார்கள். கடுங்குளிர் மாதங்களில் கோபுரம் மூடப்படுகிறது. பனி உறைந்த வெளிப்படியில் யாரும் கால்வைக்க வேண்டியதில்லை. மற்ற மாதங்களிலும் காற்று மிகுந்தால், பெருமழை பெய்தால் கதவு திறக்காது. கடல் கடந்து அதற்காகவே வந்திருந்தாலும் விதி மாறுவதில்லை. அன்று வந்தவர்கள் உள்ளே சென்று யானைகளைப் பார்த்துவிட்டுக் காற்று ஓய்ந்த நாளில் திரும்பி வரவேண்டியதுதான்.